உலகறிவு யாருக்கு?

உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகின்றனர். சுருங்கிய உலகம் எவர் கைக்கு எட்டிற்று? இதுவே நம் கேள்வி.

1943-ஆம் ஆண்டு, அயல்நாட்டுக் கொள்கையை இலண்டன் வகுத்த காலம். உலகை நம்மவர் தம் கண்கொண்டே காணவேண்டும் என்ற வேட்கையில் எழுந்தது, உலக விவகாரங்களுக்கான இந்திய மன்றம். இலாபம் கருதாதது, அரசு சாராதது. தேஜ் பகதூர் சாப்ரு அதன் முதல் தலைவர். தென்னிந்தியப் பொருளாதார வரலாறு எழுதிய அறிஞர் அப்பாதுரை அதன் செயலாளராய் உழைத்தார். 1947 மார்ச்சு 23-இல் ஆசிய நாடுகளின் மாநாட்டை டில்லியில் கூட்டியது அம்மன்றமே. 1955-இல் சாப்ரு மாளிகை எழுந்தது. அவ்வாண்டே உலகியல் ஆய்வுக்கென ஒரு பள்ளியும் பிறந்தது. அப்பள்ளி 1970-இல் நேரு பல்கலைக்கழகத்தில் இணைந்தது. அரிய பணி, மறுப்பாரில்லை.

ஆயின், வளர்ந்த மரத்தின் நிழல் எங்கே விழுந்தது? 1945-இல் அது தொடங்கிய காலாண்டிதழ் ஆங்கிலத்தில்! அறிஞர் எழுத, அறிஞரே படித்தனர். 2001-இல் வந்த சட்டமோ, குடியரசுத் துணைத் தலைவரையே மன்றத்தின் தலைவராக்கிற்று. மாளிகையும் நூலகமும் பாழாகாமல் காக்கவே சட்டம் என்பர். காக்கட்டும்! ஆனால், ஆள்வோரின் கொள்கையை எடைபோடவேண்டிய தராசு ஆள்வோர் கையிலேயே இருக்கலாமோ?

ஏட்டுச் சண்டை அன்று இது, தோழர்களே! 1964-இல் சாஸ்திரியாரும் சிரிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர். தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்த தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றனர். அம்மக்களைக் கேட்டனரா? இல்லை! 1974-இல் கச்சத்தீவு கைமாறிற்று. வலைவீசும் மீனவனைக் கேட்டனரா? அதுவும் இல்லை!

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் இளைஞனை எண்ணிப் பாருங்கள். மலையை நாடி வரும் அயல்நாட்டாரை அவன் நாள்தோறும் காண்கிறான். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அவன் ஊரிலேதான். அயலாரைக் கண்டவனுக்கு அயலுறவைச் சொன்னவர் யார்? உரமும் எண்ணெயும் விலையேறுவது ஏன், கடல் கடந்து வேலைக்குச் சென்ற அண்ணனுக்கு என்ன உரிமை என்பவற்றை அவன் தாய்மொழியில் எடுத்துரைக்கும் மன்றம் எது?

டில்லி மாளிகை நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருத்தல் அறிவுடைமையாகாது. ஊர்ப் படிப்பகத்தில் நாமே தொடங்குவோம். ஒப்பந்தங்களைத் தமிழில் படிப்போம், வரிவரியாய் வாதிடுவோம். கையெழுத்தான பின் கண்ணீர் வடிப்பதினும், கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்பது மேலன்றோ!