எண்பலகை சொல்லும் ஊர்

மும்பையின் மாட்டுங்காவில் குடியிருப்பவர் பைக் வாங்கினால் வழக்கமாக எம்.எச்.01, செம்பூர்க்காரர் வாங்கினால் எம்.எச்.03. அந்தேரிக்கு 02, போரிவலிக்கு 47, கடற்கழிக்கு அந்தப் பக்கம் நவி மும்பைக்கு 43. அடுத்தடுத்த பகுதிகளுக்கு எண்கள் ஏன் இப்படிச் சிதறுகின்றன? பழைய அலுவலகங்கள் தாங்காமல் புதியவை பிரிந்தபோதெல்லாம், பட்டியலில் அடுத்து இருந்த எண் கொடுக்கப்பட்டது. 03-இன் அலுவலகம் வடாலாவில், மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மாட்டுங்காக்காரருக்கு உரியது தெற்கே தாடதேவ் அலுவலகம்தான். ஆக, எண்பலகை காட்டுவது நிலத்தின் வரைபடத்தை அல்ல, ஆர்.டி.ஓ. அலுவலகங்களின் எல்லையை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி நாடு முழுவதும் வந்த இந்த முறைக்கு வலுவான நியாயம் உண்டு. கணினி இல்லாத காலத்தில், விபத்து நடந்த இடத்தில் நிற்கும் காவலருக்கு எந்த அலுவலகத்துக் கோப்பைத் தேடுவது என்று முதல் நான்கு எழுத்திலேயே தெரிந்துவிடும். சாலை வரி மாநிலங்களின் வருவாய் என்பதால், வண்டி எந்த மாநிலத்துக்குரியது என்பதையும் அது சொன்னது. மக்களுக்கும் அதில் ஓர் ஒட்டுதல் உண்டு. தாராவியில் டி.என்.72 கண்ணில் பட்டால் திருநெல்வேலிக்காரர் நின்று விசாரிப்பார். அந்த உரிமை எனக்குப் பிடித்தமானது.

ஆனால் இன்று உரிமையாளர் விவரம் கணினியில் கிடைக்கிறது. செம்பூரில் வாங்கிய வண்டி, வீடு கல்யாணுக்கு மாறினாலும் 03 ஆகவே ஓடுகிறது, ஆர்.சி.யில் முகவரியை மாற்றினால் போதும். 2019 திருத்தமோ, மாநிலத்துக்குள் எந்த அலுவலகத்திலும் பதியலாம் என்றே சட்டத்தைத் தளர்த்தியது. மாநிலத்துக்குள் ஊர் அடையாளம் இவ்வளவு கரைந்த பிறகும், மாநில எல்லையில் மட்டும் பிடி தளரவில்லை.

தமிழ்நாட்டு ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மும்பையில் இருந்தால் புதிய எண் வாங்க வேண்டும். முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி.; பிறகு இங்கே மீண்டும் வரி; அங்கே ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு மற்றொரு விண்ணப்பம். கூலி இழந்து அலைய வேண்டிய வேலை இது. இதில் திணறுபவரின் வண்டியில் டி.என். என்ற இரண்டெழுத்து, வெளியாள் என்ற முத்திரையாகவே நின்றுவிடுகிறது.

பிற நாடுகள் வெவ்வேறு வழி கண்டிருக்கின்றன. நமீபியாவில் எண்ணின் கடைசியில் வரும் எழுத்தோ எழுத்துகளோ நகரத்தைச் சொல்லும். வின்ட்ஹூக் வண்டிக்கு டபிள்யூ. கென்யாவின் வரிசையில் ஊரே கிடையாது. பிரான்ஸ் 2009-இல் எடுத்த முடிவுதான் என்னைக் கவர்கிறது: எண் வண்டியின் ஆயுள் முழுதும் மாறாது, ஓரத்தில் எந்த வட்டாரத்தின் குறியைப் போடுவது என்பது உரிமையாளரின் விருப்பம். குடியிருப்புக்கும் அதற்கும் தொடர்பு வேண்டியதில்லை. பாசம் பாசமாக இருக்கிறது, நிர்வாகம் நிர்வாகமாக நடக்கிறது.

2021-இல் வந்த பி.எச். வரிசை இந்தியாவிலும் அந்தக் கதவைத் திறந்தது. மாநிலம் மாறினாலும் எண் மாறாது, வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், குறைந்தது நான்கு மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் மட்டும்தான். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளிக்கும் தெருவில் இட்லி விற்பவருக்கும் அதில் இடமில்லை. வண்டி ஓடும் மாநிலத்துக்கு வரி சேரவேண்டும் என்பது நியாயம். அதைத் தவணையாக வாங்க முடியும் என்று அரசே காட்டிவிட்ட பிறகு, அந்த வசதியை இவர்களுக்கு மறுக்க ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.