பெல்ட்டுக்குச் சரியாக டைட் வைக்கும் பேரானந்தம்

காரில் உங்களுக்குப் பிடித்த வேலை எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்: சூப்பர்சார்ஜர் பெல்ட்டுக்கு டைட் வைப்பது. ஒரு லாக் நட், ஓர் அட்ஜஸ்டிங் போல்ட், அவசரமில்லாத ஒரு மாலை. அவ்வளவுதான் செலவு. முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் கார் வேறு காராகியிருக்கும்!

என்னுடையது டொயோட்டா எம்ஆர்2, முதல் தலைமுறை. அதிலும் சூப்பர்சார்ஜர் வைத்தது. 1986இல் ஜப்பானில் வெளிவந்து, பிறகு வட அமெரிக்காவுக்கும் போன வண்டி. ஐரோப்பாவில் டொயோட்டா இதை விற்கவே இல்லை. இங்கே இங்கிலாந்தில் ஒன்றைப் பார்த்தால், யாரோ ஒருவர் ஆசைப்பட்டுக் கப்பலேற்றி வரவழைத்தது என்று புரிந்துகொள்ளலாம். இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் 1587 சிசி 4ஏ-ஜிஇசட்இ என்ஜின். அதற்குக் காற்றூட்டுவது எஸ்சி12 என்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். பெயரிலுள்ள 12, ஒரு சுற்றுக்கு 1200 சிசி காற்றைத் தள்ளும் என்பதைக் குறிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் தானாக மூச்சிழுத்தால் ஒரு சுற்றுக்கு அதன் கொள்ளளவில் பாதிதான் கிடைக்கும்; இதில் 800 சிசிகூட வராது. மீதிக் காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிப்பதில்தான் இந்தக் காரின் உயிர் இருக்கிறது. அந்த உயிர் தொங்குவது ஒரு ரப்பர் பட்டையில்!

இந்த என்ஜினில் நான் கொண்டாடும் விஷயம் இன்னொன்று உண்டு. சூப்பர்சார்ஜர் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்காது. ஏசி கம்ப்ரஸருக்கு இருப்பதுபோல் அதற்கும் ஒரு காந்தக் கிளட்ச். மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது விட்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கிளட்ச் பிடிக்கும், டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், காதுக்குப் பின்னால் ஓர் ஊளை கிளம்பும். மெய் சிலிர்க்கும்! ஆனால் பெல்ட்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். சும்மா நின்ற ரோட்டர்களைக் கண் இமைக்கும் நேரத்தில் முழு வேகத்துக்கு இழுத்துவிட வேண்டும். பெல்ட் கொஞ்சம் லூஸாக இருந்தாலும் அந்தக் கணத்தில் கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்தக் காரும் தன் பெல்ட்டைப் பற்றி ஓட்டுபவரிடம் இத்தனை வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஏன் இவ்வளவு நுட்பம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிராங்க் புல்லியின் விட்டம் 15 செ.மீ., என்ஜின் 6000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் நொடிக்கு 47 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 170 கி.மீ. சூப்பர்சார்ஜரைச் சுற்ற 10 கிலோவாட் தேவைப்பட்டால் புல்லிக்கு ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் ஓடும் பெல்ட்டில் இரு இழுவைகளுக்கும் நடுவே 21 கிலோ எடைக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டும். சரி, இதில் என்ன என்கிறீர்களா? வளைவில் திரும்பும்போது பெல்ட் தன் எடையாலேயே வெளியே பிதுங்கப் பார்க்கிறது. மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள பெல்ட் என்றால், இதே வேகத்தில் சுமார் 22 கிலோ அளவுக்கு இழுவை அந்தப் பிதுக்கத்தைத் தாங்குவதற்கே போய்விடும். புல்லியைப் பிடிக்க அது உதவாது. கராஜில் நிற்கும்போது கிண்ணென்று இருக்கும் பெல்ட், நெடுஞ்சாலையில் வழுக்குவது இதனால்தான். இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எழுந்த பிரமிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்காக முறுக்கித் தள்ளிவிடவும் கூடாது. அளவு மீறினால் ஐட்லர் பேரிங்கும் சூப்பர்சார்ஜர் முகப்பிலுள்ள பேரிங்கும் பக்கவாட்டில் சுமை தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும். பெல்ட் மலிவு, சூப்பர்சார்ஜர் மலிவல்ல.

இப்போது வேலைக்கு வருவோம். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, வலப்பக்கப் பின்சக்கரத்தை எடுத்துவிட்டால் பெல்ட் இருக்கும் பக்கம் கண்ணுக்குத் தெரியும். முதலில் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். பெல்ட்டைப் புரட்டி வரிகளைத் தடவுங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் அது ஏற்கெனவே வழுக்கியிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் இனிப் பிடிக்காது. இக்கால ஈபிடிஎம் ரப்பர் வெடிப்புக் காட்டாமலே தேயும் என்பதால் வரிகளின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். கத்தலை அடக்க ஸ்பிரே அடிப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. நோயை விட்டுவிட்டு வாயை மட்டும் கட்டும் வைத்தியம் அது.

ஐட்லர் புல்லியின் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டிங் போல்ட்டைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதும், பெல்ட்டைத் திருகிப் பார்ப்பதும் தோராயத்துக்கு உதவும். எனக்குத் தோராயம் போதாது. நீளமான பகுதியை விரலால் சுண்டி, அது எழுப்பும் சுருதியைக் கைபேசிச் செயலியால் அளக்கிறேன். வீணைக் கம்பிக்கு உள்ள அதே விதிதான் இங்கும்: சுருதி இரட்டிப்பானால் இழுவை நான்கு மடங்கு. பகுதியின் நீளமும் பெல்ட்டின் எடையும் தெரிந்தால் இழுவையை எண்ணாகவே எழுதிவிடலாம். விரலால் சுண்டி என்ஜினைச் சுருதி சேர்ப்பது! இதைவிட அழகான வேலை மெக்கானிக் உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

லாக் நட்டை முழுதாக முறுக்கிய பிறகு கண்டிப்பாக மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கடைசி முறுக்கில் ஐட்லர் சற்று நகரும். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பெல்ட் வரிகளில் ஒழுங்காக உட்கார்ந்ததும் இன்னொரு முறை. டொயோட்டாவின் பட்டறைக் கையேடுகள் புது பெல்ட்டுக்கு ஓர் அளவும் பழைய பெல்ட்டுக்கு வேறோர் அளவும் கொடுக்கின்றன. ஓடும் என்ஜினில் ஐந்து நிமிடம் இருந்தாலே அந்தக் கணக்கில் அது பழைய பெல்ட். எத்தனை கவனமான மனிதர்கள் எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்!

தானியங்கி டென்ஷனர் இருக்கிறதே, எனக்கென்ன என்று நினைப்பவர்களும் கேளுங்கள். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். வேகத்துக்காகச் சின்ன புல்லி போட்டுவிட்டுப் பழைய நீளத்திலேயே பெல்ட் மாட்டினால் டென்ஷனர் தன் எல்லையை நெருங்கிவிடும். அதற்குமேல் இழுக்க அதனால் ஆகாது. அங்கே டைட் வைப்பது என்றால் சரியான நீளத்தில் பெல்ட் தேர்ந்தெடுப்பது. அந்த என்ஜினில் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் சூப்பர்சார்ஜர்தான். பெல்ட் போனால் பவரோடு குளிர்ச்சியும் போய்விடும். 1929இன் புளோயர் பென்ட்லியில் இந்தக் கவலையே கிடையாது: சூப்பர்சார்ஜர் கிராங்க் முனையிலேயே நேராகப் பூட்டப்பட்டு ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கம்பீரம்தான், ஆனால் சுண்டிப் பார்க்க அதில் ஒன்றுமில்லையே!

எல்லாம் முடிந்ததும் என்ஜினைச் சூடாக்கி, காலியான நல்ல சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். பச்சை விளக்கு எரிகிறது, கீச்சொலி இல்லை, ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் மீட்டரின் முள் தளராமல் நிற்கிறது. இருக்கை முதுகில் வந்து அறைகிறது! பெல்ட் புதிது என்றால் கொஞ்ச தூரம் ஓடியபின், என்ஜின் ஆறியதும், இன்னொரு முறை சுண்டிப் பாருங்கள். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். ஸ்பேனரை எடுங்கள், அந்தச் சந்தோஷம் இன்னொரு தடவை கிடைக்கிறது.