98 சதவீதம் நீக்கம் – எந்த பிஎச்-ல?

கழிவுநீரில் இருக்கிற சோப்புப் பொருளை உலோக ஆக்சைடு தூள் வைத்து எடுப்பது பற்றி வருகிற கட்டுரைகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு ஆக்சைடைத் தயாரித்து, எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம் படங்கள் போட்டு, எஸ்டிஎஸ் கரைசலில் கொட்டிக் கலக்குவார்கள். பிஎச் 3-லிருந்து 5-க்குள் 98 சதவீதம் நீக்கம் கிடைக்கும். லாங்மியர் சமன்பாடும் அழகாகப் பொருந்தும். கடைசிப் பத்தியில், இந்தத் தூள் ஜவுளிக் கழிவுநீருக்கு உகந்தது என்று ஒரு வரி இருக்கும். எனக்குச் சண்டை அந்த வரியோடுதான்.

நம்ம ஊரை வைத்தே பார்ப்போம். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணி ரத்தத்தை உறிஞ்சணும்னா பருத்தியிலிருக்கும் மெழுகு போகணும். அதற்காகக் காஸ்டிக் சோடாவும் ஈரமாக்கும் சோப்புப் பொருளும் போட்டு வேகவைத்து, அப்புறம் வெளுப்பது வழக்கம். சோப்பு மிச்சம் இருக்கவும் கூடாது. ஐரோப்பிய மருந்தியல் நூலில் உறிஞ்சு பஞ்சுக்கு ஒரு சோதனை இருக்கிறது: பஞ்சு ஊறிய நீரைக் குலுக்கி வைத்தால், 5 நிமிஷம் கழித்து நுரை 2 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் அலசி எடுக்கிற சோப்பெல்லாம் தண்ணீரோடுதான் போகிறது. காஸ்டிக்கில் வேகவைத்த அந்தத் தண்ணீரின் பிஎச் 10-ஐத் தாண்டும்.

இங்கேதான் சிக்கல். ஆக்சைடின் மின்சுமை தூளுக்கு மட்டும் சொந்தமானதில்லை, அது தண்ணீரையும் பொறுத்தது. பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் அமிலத்தில் புரோட்டானை வாங்கி நேர்மின்சுமை பெறும், காரத்தில் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெறும். நடுவில் சுமை சுழியாகிற பிஎச் சிலிக்காவுக்கு 2–3, டைட்டானியாவுக்கு 6 அளவில், அலுமினாவுக்கு 9 அளவில். எஸ்டிஎஸ்-ஸின் தலை எதிர்மின்சுமை கொண்டது. பிஎச் 4-ல் அலுமினா அதை இழுக்கும். பிஎச் 11-ல் தள்ளிவிடும். 98 சதவீதம் பொய் இல்லை, ஆனால் அது வேறொரு தண்ணீருக்கான எண்.

இதைச் சொல்ல புது ஆராய்ச்சி தேவையில்லை. பொன்னிசேரில் சோமசுந்தரனும் ஃபியூர்ஸ்டெனாவும் 1966-ல் எழுதிய அலுமினா–ஆல்கைல் சல்ஃபோனேட் கட்டுரையை எடுத்துப் படிங்க. சோமசுந்தரன் கேரளத்தில் பிறந்து, பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் படித்து, பெர்க்லி போனவர். எவ்வளவு ஒட்டுகிறது என்பதோடு, மின்புலத்தில் துகள் எப்படி நகர்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். குறைந்த செறிவில் அயனிகள் தனித்தனியாக, மின்கவர்ச்சியால் மட்டும் ஒட்டுகின்றன. ஒரு கட்டத்தில் வால்கள் ஒன்றோடொன்று கூடி, கோடு செங்குத்தாக ஏறுகிறது. பரப்பின் சுமை ஈடாகிக் குறி மாறியதும் ஏற்றம் தளர்கிறது. மைசெல் உருவாகும் செறிவை ஒட்டி வரும் சமதளத்தைப் பின்னால் வந்தவர்கள் நாலாவது பகுதியாகச் சேர்த்தார்கள்.

இப்போ லாங்மியருக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதிக்காது என்பது அதன் அடிப்படை அனுமானம். சர்ஃபாக்டன்ட் விஷயத்தில் அந்த ஏற்றமே பக்கத்து வால்கள் கூடுவதால்தான் வருகிறது. ஏழெட்டுப் புள்ளிகளைச் சாதாரண அளவுகோலில் போட்டால் எந்த வளைகோடும் பொருந்தும். ஆர்-ஸ்கொயர் 0.99 வந்ததால் ஒற்றை அடுக்கு என்று முடிவு கட்டுவது தப்பு. அதே தரவை மடக்கை அளவுகோலில் போட்டுப் பாருங்க, சரிவு மாறுகிற இடங்கள் தெரியும்.

1966 கட்டுரையும் குறையில்லாதது இல்லை. சுத்தமான அலுமினா, சுத்தமான சல்ஃபோனேட், பிஎச் 7.2. பரப்பில் கூடுவது ஒற்றை அடுக்கா இரட்டை அடுக்குத் திட்டா என்ற விவாதம் 1980-களிலும் ஓடியது. 1995-ல் மான்னேவும் கௌபும் அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நேர்மின்சுமை கொண்ட சர்ஃபாக்டன்ட் சிலிக்கா மேல் உருண்டைகளாக இருந்தது. ஆனால் அந்த 1966 கட்டுரை தன் எல்லைக்குள் நின்று பேசுகிறது. பேண்டேஜ் துணிக் கழிவுநீருக்கு ஆகும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

அமிலம் ஊற்றி பிஎச்-ஐ இறக்கினால் போச்சு என்று கேட்கலாம். இறக்கலாம்தான். ஆனால் காஸ்டிக்கோடு அமிலம் சேர்ந்து உப்பாகும், அந்த உப்பு மின்கவர்ச்சியை மறைக்கும். அமிலச் செலவு, உப்பு, கடைசியில் சோப்பு ஏறிய தூளை எங்கே கொட்டுவது – மூன்றுக்கும் கட்டுரையில் கணக்கு இருக்கணும். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: தண்ணீரில் கால்சியம் இருந்தால், எதிர்மின்சுமை கொண்ட பரப்புக்கும் எஸ்டிஎஸ்-ஸுக்கும் நடுவே அது பாலம் போடலாம், இல்லை எஸ்டிஎஸ்-ஸையே வீழ்படிவாக்கலாம். வடிகட்டி அளந்தால் இரண்டுமே "நீக்கம்" என்றுதான் தெரியும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் எடுக்கிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பட்டறையில் என்ன சோப்பு போடுகிறார்கள் என்று கேளுங்க. அயனியற்ற வகையாக இருந்தால் எஸ்டிஎஸ் வைத்துச் செய்த சோதனை அதற்குப் பேசாது. அப்புறம் உங்க தூளின் சுழி மின்சுமைப் புள்ளியை அளந்து, கழிவுநீரின் பிஎச் பக்கத்திலேயே எழுதுங்க. சதவீதத்துக்குப் பதிலா ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கொடுங்க. தூளைக் கூடப் போட்டால் சதவீதம் தானா ஏறும். பிஎச் 11-ல் 5 சதவீதம்தான் வருதுன்னா அதையும் அட்டவணையில் போடுங்க. பட்டறைக்காரர் பணம் போடுமுன் பார்க்க வேண்டிய எண் அதுதான்.