இ-பாஸ் டேபிளுக்குப் பூட்டு எங்கே?

2024 மே 7 முதல் வெளியூர் வண்டி ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் வந்தது: வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. இதைப் பற்றி குன்னூர் டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை பேசியாச்சு. லாட்ஜ்காரர் வருமானம், மலை எவ்வளவு தாங்கும், கல்லாறில் வரிசை. எல்லாம் நியாயமான பேச்சுதான். ஆனால் இருபது வருஷமாக டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த டேபிளை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம்?

ஃபார்மில் பெயர், முகவரி, போன் நம்பர், வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, திரும்பும் தேதி எல்லாம் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண விவரங்கள். ஒரே வரியாகச் சேர்த்துப் படியுங்கள்: இன்ன தெருவில் இன்னார் வீடு இன்ன தேதி வரை பூட்டிக் கிடக்கலாம். திருடனுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்குமா?

'லாகின் வச்சிருக்கோமே சார்' என்பதுதான் நம்ம துறையின் வழக்கமான பதில். நான் வேலை பார்த்த ப்ராஜெக்ட்கள் சிலவற்றில் அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே டேட்டாபேஸ் யூசர்தான். அதற்கு எல்லா டேபிளிலும் எல்லா உரிமையும். திரையில் பட்டனை மறைத்தால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பு. வாசலைப் பூட்டிவிட்டு பீரோவைத் திறந்து வைப்பது மாதிரி.

2018 ஜனவரியில் 'தி ட்ரிப்யூன்' நிருபர் 500 ரூபாய் கொடுத்து ஒரு லாகின் வாங்கினார். ஆதார் எண்ணைப் போட்டால் பெயர், முகவரி, போட்டோ, போன் நம்பர் எல்லாம் வந்தன. தரவு கசியவில்லை, குறைதீர்ப்புக்காகக் கொடுத்த தேடல் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது ஆதார் ஆணையம். எனக்கு அந்த மறுப்பே பெரிய வாக்குமூலமாகப் படுகிறது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கொடுத்த சாவியே தேவைக்கு மேல் திறந்தது.

இதற்கு மருந்து புதுசு இல்லை. யாருக்கு எந்த டேபிளில் என்ன உரிமை, அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதை (கிராண்ட், ரிவோக்) ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்துக்காக கிரிஃபித்ஸும் வேடும் 1976-லேயே எழுதிவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரஸில் 2016-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து வரி வாரியாகவே தடுக்கலாம். சோதனைச்சாவடி ஊழியருக்குத் தேவை மூன்று விவரம்: வண்டி எண், தேதி, பாஸ் செல்லுமா செல்லாதா. அவை மட்டும் தெரிகிற ஒரு வியூ, அதிலும் இன்றைய வரிகள் மட்டும், அவருக்குப் போதும். விபத்து நடந்தால் போன் நம்பர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். காரணத்தைப் பதிவு செய்தால் ஒரே ஒரு வரி திறக்கட்டும். திறந்தவர் பெயரும் பதியட்டும்.

பார்ப்பதைவிடத் திருத்துவது ஆபத்து. உச்சவரம்பு வந்த அன்றே டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை வந்துவிட்டது. வண்டி எண்ணை மாற்றினால் பாஸ் கைமாறிவிடும். பச்சைத் தேயிலை எடை எழுதும் நோட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு, பக்கத்தில் சரியான எடையை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அப்டேட் கட்டளை அந்த மரியாதையைக் காட்டாது. பழைய எண் இருந்த சுவடே இருக்காது. அதனால் அப்ளிகேஷன் யூசருக்கு அப்டேட், டெலீட் உரிமையே தரக்கூடாது. திருத்தம் என்றால் புது வரியாகச் சேரட்டும், யார், எப்போது என்ற விவரத்தோடு.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அந்தக் கடமையிலிருந்து அரசுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது.

இ-பாஸ் தரவு கசிந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்பது மூன்று எண்கள்தான்: எத்தனை பேருக்குப் பார்க்கும் உரிமை, எத்தனை பேருக்குத் திருத்தும் உரிமை, பழைய வரிகள் எத்தனை நாளில் அழியும். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி மலை ஏறலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். இவையும் தெரியட்டுமே.