வெளிமுகாமுக்கு அனுப்புங்கள், ஒரு கேள்வியோடு அனுப்புங்கள்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மன்னார்த் தீவின் உதைபந்தாட்ட வீடுகளில் ஒரு பேச்சு எழும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மூன்று நாள், ஐந்து நாள் பயிற்சி முகாம் நடக்கப்போகிறது, பிள்ளையை அனுப்பலாமா? பெற்றோருக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. ஊர்க் கழகத்தின் பயிற்றுவிப்பாளருக்கு உள்ளூரக் கலக்கம். போன பிள்ளை நம் கழகத்துக்கே திரும்பி வருமா? வந்தாலும் நம் சொல்லைக் கேட்குமா?

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்பத்தான் வேண்டும். ஆனால் எதைக் கற்க அனுப்புகிறோம் என்பது கழகத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் அனுப்பும் முகாம் ஒரு சுற்றுலா. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கோயில் முற்றத்தில் வளர்ந்த ஆட்டம்

மன்னாரில் உதைபந்தாட்டம் அகடமிகளில் வளர்ந்தது அல்ல. கரையோரக் கிராமங்களில் புனிதர்களின் பெயரைத் தாங்கிய கழகங்களிலும், கோயில் திருநாளை ஒட்டி நடக்கும் சுற்றுப்போட்டிகளிலும், புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி போன்ற பாடசாலை மைதானங்களிலும் வளர்ந்தது. காலையில் வலை இழுத்துவிட்டு மாலையில் பூட்ஸ் கட்டும் இளைஞர்களே பல கழகங்களின் முதுகெலும்பு. அண்ணன் ஆடுவதைப் பார்த்துத் தம்பி ஆடுவான். அண்ணனே தம்பிக்குப் பயிற்றுவிப்பாளரும் ஆவான்.

இந்த மண்ணிலிருந்து தேசிய அணியின் தடுப்பு வரிசைக்குப் போனவர் டக்சன் பியுஸ்லஸ். அங்கிருந்து மாலைதீவின் கிளப் வலன்சியா வரை சென்றார். 2022 பெப்ரவரியில் அவர் மாலைதீவில் இறந்த செய்தி வந்தபோது மன்னார் முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. அவருடைய பாதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்வது தெளிவானது: ஊர் மைதானம் ஒரு வீரனை உருவாக்கும், ஆனால் அவன் உயர வேண்டுமானால் ஒரு கட்டத்தில் ஊருக்கு வெளியே ஆடியே ஆக வேண்டும். அந்தக் கட்டம் எது, எதற்காக வெளியே போவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

தனியாகக் கற்பதும் சேர்ந்து கற்பதும்

இதே விவாதம் வேறொரு விளையாட்டில் இன்னும் கூர்மையாக நடக்கிறது. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு முழு அங்கீகாரம் வழங்கிய சியர்லீடிங்தான் அது. கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் நாம் பார்த்த நடனம் அல்ல. போட்டிக்கான சியர்லீடிங்கில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருவரை மேலே எறிந்து, காற்றில் சுழலவிட்டு, மீண்டும் கைகளில் ஏந்துகிறார்கள். அங்கும் தன் பயிற்சிக்கூடத்தை விட்டு வெளியே பயிற்சி முகாமுக்குப் போகலாமா என்பது பெரிய கேள்வி. தரையில் குட்டிக்கரணம், பின்புறப் பல்டி, பாய்ச்சல் ஆகியவற்றை யாரிடமும் கற்கலாம், அவை தனி உடம்பின் வேலை. ஒருவரைத் தூக்கி எறிவது அப்படியல்ல. கீழே நிற்பவரின் உயரம், பிடிக்கும் விதம், எண்ணிக்கையின் எந்தத் தாளத்தில் முழங்கால் மடங்கும் என்பதெல்லாம் அந்தக் குழுவுக்கே உரியவை. வெளியே வேறு தாளத்தில் பழகியவர் தன் குழுவுக்குத் திரும்பி அரை நொடி பிந்தினால் மேலே இருப்பவர் கீழே விழுவார்.

உதைபந்தில் அரை நொடி பிந்தினால் கழுத்து முறியாது, கோல் விழும். ஆனால் தனித்திறனையும் அணியின் வேலையையும் பிரிக்கும் கோடு ஒன்றுதான். பந்தை முதலில் தொடும் விதம், பலவீனமான காலால் உதைப்பது, தலையால் முட்டும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பது, கோல்காப்பாளரின் பாய்ச்சல் ஆகியவை தனித்திறன்கள். அவற்றை வெளியே கற்கலாம், கற்கவும் வேண்டும். தடுப்பு வரிசை எப்போது முன்னேறும், பந்தை இழந்ததும் யார் நெருக்குவது, மூலை உதையில் யார் யாரைக் காப்பது என்பவை அணியின் வேலை. பக்கத்தில் நிற்பவனோடு பல மாலைகள் ஆடித்தான் அது படியும்.

மண்ணும் காற்றும்

ஒரு கோல்காப்பாளரை எடுத்துக்கொள்வோம். மணலும் சரளையும் கலந்த மைதானத்தில் வளர்ந்தவர். பாய்ந்தால் முழங்கையும் இடுப்பும் உரியும் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். அதனால் பாயாமல் நிற்கப் பழகியிருக்கிறார். பந்து வரும் முன்பே இரண்டடி நகர்ந்து அதன் வழியில் நிற்பார். எட்டாத பந்தைக் காலால் தட்டுவார். வெளிமுகாமில், செயற்கைப் புல்லிலோ நன்கு பராமரித்த புல்தரையிலோ, அவருக்கு முறையான பாய்ச்சலைக் கற்றுக்கொடுக்கிறார்கள்: முதலில் காலின் வெளிப்புறம், பிறகு இடுப்பின் பக்கவாட்டு, கடைசியாகத் தோள் என்று வரிசையாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கை முதலில் தொடவே கூடாது. அருமையான பாடம். ஆனால் திரும்பி வந்த முதல் வாரத்தில் அவர் சரளையில் அப்படிப் பாய்ந்து தோலை உரித்துக்கொண்டால், அடுத்த வாரம் பழைய நிலைக்கே போய்விடுவார். இடையில் ஊர்ப் பயிற்றுவிப்பாளர் ஒரு வேலை செய்ய வேண்டும்: மணற்பாங்கான மூலையில் வைத்து அந்தப் பாய்ச்சலைப் படிப்படியாகப் பழக்கி, எப்போது பாய்வது, எப்போது நின்றே பிடிப்பது என்று தீர்மானிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முகாமில் தெரிந்துகொண்டது அங்கேதான் திறமையாகிறது.

முதல் தொடுகையும் அப்படித்தான். மணலில் பந்து வேகம் இழந்து நின்றுவிடும், கால் முன்னே போய் அதை எடுக்கும். செயற்கைப் புல்லில் அதே பந்து வழுக்கிக்கொண்டு காலடியில் கடந்து போய்விடும். முகாமின் முதல் நாளில் நம் பிள்ளைகள் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல, தரை மாறியதால். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பிள்ளை மனம் உடையாது.

காற்றையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 சுழலிகள் இந்தத் தீவில் நிற்பதற்குக் காரணம் இங்கு வீசும் காற்றுத்தான். சோளகம் எழும் மாதங்களில் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நம் பிள்ளைகள் தரையோடு பந்தைக் கொடுத்து ஆடப் பழகுகிறார்கள். இதைக் குறையாக எண்ணி, வெளியூரில் கற்ற நெடும்பந்தாட்டத்தை அப்படியே இங்கு கொண்டுவந்து திணிக்கக் கூடாது. வெளிப் பயிற்றுவிப்பாளருக்குத் தெரியாத ஒன்று நம் பயிற்றுவிப்பாளருக்குத் தெரியும் என்பதற்கு இந்தக் காற்றே சாட்சி.

மூன்று நாளில் என்ன கிடைக்கும்?

குறுகிய முகாம்கள் பெற்றோருக்கு ஒரு மயக்கத்தைத் தரும். மூன்றாம் நாள் மாலையில் பிள்ளை கூம்புகளுக்கு இடையே பந்தை அழகாக நெளித்துக்கொண்டு போவதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த நேரத்தில் அது மெருகேறித் தெரியும். ஆனால் பல அசைவுகளைக் கலந்து, முறை மாற்றிப் பழகியவர்களே சில நாட்கள் கழித்தும் அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஷே, மோர்கன் ஆகிய ஆய்வாளர்கள் 1979இலேயே காட்டினார்கள். பயிற்சியின்போது தெரியும் அழகும் பின்னர் தங்கும் கற்றலும் ஒன்றல்ல.

ஆகவே முகாமிலிருந்து பிள்ளை திறமையோடு வருவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்கே திருத்த வேண்டும் என்ற பட்டியலோடு வந்தால் போதும். அடுத்த மூன்று மாதம் அந்தப் பட்டியலை ஊர் மைதானத்தில் வைத்து வேலை வாங்குவதுதான் கற்றல்.

தென்கொரியாவின் சோன் ஹியுங்-மின் இதற்கு நல்ல உதாரணம். முன்னாள் வீரரான தந்தை சோன் ஊங்-ஜுங் அவரைச் சிறு வயதில் போட்டிகளுக்கு அவசரப்படுத்தாமல், பந்தைக் கட்டுப்படுத்தும் அடிப்படைகளிலேயே பல ஆண்டுகள் ஊற வைத்தார். 2008இல், 16 வயதில், கொரிய உதைபந்தாட்டச் சங்கத்தின் திட்டத்தின் வழியாக ஜேர்மனியின் ஹாம்பர்க் கழகத்துக்குப் போனபோது அவரிடம் அடித்தளம் இருந்தது. வெளியூர் அதன் மேல் கட்டியது. அடித்தளம் போடும் வேலையை முகாமிடம் ஒப்படைக்க முடியாது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். ஆஸ்திரேலியக் கழக வலைப்பந்தில் ஆடித் தன்னைத் தீட்டிக்கொண்டவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்களைப் போட்டு, தொடரிலேயே அதிக கோல் போட்டவர் என்ற பெருமையைப் பெற்றார். ஆனால் 16 அணிகளில் இலங்கை 15ஆம் இடத்தையே பிடித்தது. அவரிடம் குறை ஏதுமில்லை. ஒருவர் எவ்வளவு உயர்ந்தாலும், பந்தை அவரிடம் கொண்டு சேர்க்கும் ஆறு பேரும் சேர்ந்து உயராவிட்டால் அணி உயராது என்பதே அந்தக் கணக்கு. ஒரு பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மற்றப் பிள்ளைகளை மறக்கும் கழகங்கள் இதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு தாங்க வேண்டும்

கழகப் பயிற்சி, பாடசாலை அணி, திருநாள் சுற்றுப்போட்டி, அதற்கு மேல் விடுமுறை முகாம். 13 வயதுப் பிள்ளைக்கு ஓய்வு எங்கே? வளரும் பருவத்தில் குதிகாலிலும் முழங்காற் சில்லுக்குக் கீழேயும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது சோம்பல் அல்ல. எலும்பின் வளர்பகுதி இழுபட்டு நோகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை வாரத்துக்கு ஒரு நாளாவது ஓய்வு, ஒரே விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று மாத விலகல். போட்டிப் பருவத்தின் நடுவில், இரவு முழுவதும் பயணம் செய்து கொழும்புக்குப் போய், காலையில் மைதானத்தில் இறங்கும் முகாமுக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

முகாமிலிருந்து கொண்டுவரத் தகுந்த ஒன்று உண்டு: ஃபிஃபாவின் ‘11+’ உடல்சூடேற்றல் முறை. 20 நிமிடம் போதும், பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம். நோர்வேயில் 125 கழகங்களில் 13 முதல் 17 வயது வரையான சிறுமியரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்தவர்களிடையே காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகின. ஒரு பிள்ளை இதை ஒழுங்காகக் கற்று வந்து கழகத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தால் அந்த முகாம் கட்டணத்துக்கு மேல் பலன் தந்துவிட்டது.

பிள்ளைகளை அனுப்பும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. தங்குமிடம் எங்கே? இரவில் பொறுப்பு யார்? பெண் பிள்ளைகளுடன் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? பயிற்றுவிப்பாளரிடம் என்ன உரிமம் உள்ளது? இவற்றுக்கு நேரான பதில் தராத முகாம் எவ்வளவு பெரிய பெயரைத் தாங்கியிருந்தாலும் வேண்டாம்.

கழகத்தின் அச்சம்

பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற ஊர்க் கழகத்தின் அச்சத்தைச் சிறுமை என்று தள்ளிவிட முடியாது. சம்பளம் வாங்காமல் பத்து ஆண்டு பயிற்றுவித்தவரின் பெயர், பிள்ளை பிரபலமானதும் எங்குமே வராமல் போவது உண்மையான வேதனை. ஆனால் பூட்டி வைப்பது அதற்கு மருந்தாகாது, பதிவேடுதான் மருந்து. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வெளிநாட்டுக் கழகமொன்றுக்குத் தொகை கொடுத்து மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 வீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்கிறது ஃபிஃபாவின் விதி. அதைப் பெற, எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தார் என்ற ஆவணம் வேண்டும். நம் கழகங்கள் 12 வயதிலிருந்தே ஒவ்வொரு பிள்ளையையும் முறையாகப் பதிவு செய்யட்டும். அந்தப் பணம் என்றோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். பதிவு இருந்தால் இந்தப் பிள்ளையை வளர்த்தவர்கள் யார் என்பதாவது அழியாமல் நிற்கும்.

ஒருவர் போவதா, ஒருவர் வருவதா?

கடைசியாகப் பணம். கடல் கொந்தளிக்கும் மாதத்தில் படகு கரையில் கிடக்கும் வீட்டுக்கு முகாம் கட்டணமும் பயணச் செலவும் பெரும் பாரம். வசதியுள்ள பிள்ளை போகும், திறமையுள்ள பிள்ளை வீட்டில் நிற்கும். இந்த அநீதியைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஐந்து பிள்ளைகளை வெளியே அனுப்பும் செலவில் நல்ல பயிற்றுவிப்பாளர் ஒருவரை ஐந்து நாட்களுக்கு மன்னாருக்கு அழைக்கலாம். அவர் நம் மணலில், நம் காற்றில், எல்லாக் கழகங்களின் பிள்ளைகளையும் பார்ப்பார். அதைவிட முக்கியம், நம் பயிற்றுவிப்பாளர்கள் அவர் பக்கத்தில் நின்று கற்பார்கள். கோல்காப்பாளர் பயிற்சி போல இங்கு கிடைக்காதவற்றுக்கு மட்டும் பிள்ளைகளை வெளியே அனுப்பினால் போதும்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊர்க் கழகங்களுக்கு உதவும் உறவுகளிடம் இந்தப் பத்தி கேட்பதும் அதுவே. வெற்றிக் கிண்ணமும் சீருடையும் தருவது நல்லது. அடுத்த முறை கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ஒருவரை ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ‘சி’ உரிமப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சீருடை ஒரு பருவத்தில் கிழியும். அந்த அறிவு அவர் பயிற்றுவிக்கும் காலமெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

அடுத்த விடுமுறைக்கு முன்பே ஒவ்வொரு கழகமும் செய்யக்கூடியது சிறிய வேலைதான். பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காருங்கள். “இந்த முகாமில் நீ கற்று வர வேண்டியது இது ஒன்று” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதை மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொடுக்க எதுவும் தோன்றவில்லை என்றால், அந்த முகாமுக்கு இந்தப் பிள்ளை இப்போது போக வேண்டியதில்லை.