முகம் இருக்கு, வால் எங்கே? செங்கோட்டை–புனலூர் டீசல் படங்கள் பற்றி

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ஓடிய டீசல் எஞ்சின்களை ரயில் ரசிகர்கள் வருஷக்கணக்கில் படம் எடுத்திருக்காங்க. இணையத்தில் கிடைப்பதை வரிசையா வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே படம் மாதிரிதான் தெரியுது. கழுதுருட்டி பதிமூணு கண் பாலம், பின்னால் பச்சை மலை, வண்டியின் முன்பக்கம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனா அந்தப் பாதையின் கதை வண்டியின் பின்பக்கத்தில் இருக்கு.

ஏற்றம் கடுமை என்பதால் வண்டியின் வாலில் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளவிடுவார்கள். பேங்கர் என்பார்கள். முன்னாலேயே இரண்டையும் மாட்டினால் மொத்த இழுவிசையும் முதல் பெட்டியின் கப்ளிங்கில் வந்து விழும். பின்னாலிருந்து தள்ளினால் அந்தச் சுமை பங்காகும்; கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு ஓடாது. மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4, அகலப்பாதையில் டபிள்யூடிஜி-3ஏ என்று வகை மாறினாலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. முகத்தை மட்டும் எடுத்த படத்தில் இதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகுது.

அடுத்தது கரும்புகை. ஆல்கோ எஞ்சின் என்றாலே புகைப்படம் நிஜமாகவே 'புகை'ப்படம் ஆகிவிடும்! டிரைவர் நாட்சை ஏற்றியதும் டீசல் உடனே கூடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தர கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் முழுசா எரியாத எரிபொருள்தான் அந்தப் புகை. அதாவது, பகவதிபுரத்தில் எடுத்த புகைப் படம், டிரைவர் அந்த நொடியில் என்ன செய்தார் என்பதற்கான சாட்சி. கீழே 'செம மாஸ்' என்று மட்டும் எழுதினால் சாட்சி வீணாகிறது.

பெரிய குறை, தேதி. 1904இல் திறந்த இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது. அகலப்பாதை 2018இல் முழுசா வந்தது. பிறகு மின்கம்பியும் வந்துவிட்டது. ஆக, அகலப்பாதை டீசல் காலம் என்பது வெறும் சில வருஷம். இனி அதே பாறையில் ஏறி நின்றாலும் பழைய காட்சி கிடைக்காது. நடுவில் கம்பம் நிற்கும். கேமரா பதிந்த தேதியோ, படத்தைச் செயலிகளில் பகிரும்போதே பெரும்பாலும் உதிர்ந்துபோகுது.

என் கணக்கில், ஒரே இடத்தில் அஞ்சு வருஷ இடைவெளியில் எடுத்த மூணு சுமாரான படங்கள், ஒரு பிரமாதமான படத்தைவிட மேல். உங்க பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படி ஏதாவது இருந்தால் தேதி, ஸ்டேஷன், எஞ்சின் நம்பர், வண்டி போன திசை, இந்த நாலையும் எழுதி வையுங்க. வால் தெரியும் படத்தை மட்டும் அழித்துவிடாதீங்க.