பாயிரமும் முன்னோட்டமும்: நிகழ்பட விளையாட்டு மதிப்புரை வாதங்களை நன்னூல்வழி நோக்கல்

திறவுச்சொற்கள்: நன்னூல், பாயிரம், உரைமரபு, நிகழ்பட விளையாட்டு, மதிப்புரை, திருவில்லிபுத்தூர், இராசபாளையம்

திருவில்லிபுத்தூர் என்னும் பெயரோடு தமிழ் மரபில் இரண்டு வாதுக் கதைகள் பிணைந்துள்ளன. ஒன்று, மாலைத் தொண்டு புரிந்துவந்த விட்டுசித்தர் மதுரைக்குச் சென்று வல்லபதேவ பாண்டியன் அவையில் பரதத்துவம் நிலைநாட்டியதும், கட்டித் தொங்கவிட்ட பொற்கிழி அவர்முன் தாமே தாழ்ந்ததும் ஆகிய குருபரம்பரைச் செய்தி. மற்றொன்று, வாதில் தோற்ற புலவர்தம் காதைக் குறடுகொண்டு அறுத்தார் என வழங்கும் வில்லிபுத்தூரார் கதை. பின்னவர் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரினர். பெரியாழ்வார்பால் கொண்ட பற்றினால் ஊர்ப்பெயர் அவருக்கு ஆட்பெயராயிற்று. வென்றவர்க்குக் கிழி, தோற்றவர்க்குக் காதறுப்பு என்னும் இவ்விரு முனைகளும் வாதத்தின் உள்ளீட்டைக் காட்டிலும் அதன் முடிவையே நினைவில் நிறுத்துகின்றன.

இன்றைய இளையோர் நிகழ்த்தும் வாதுகளுள் நிகழ்பட விளையாட்டுகள் பற்றியனவும் அடங்கும். திருவில்லிபுத்தூரும் அதனையடுத்த இராசபாளையமும் இதற்கு விலக்கல்ல. வெளிவராத விளையாட்டின் முன்னோட்டம், வெளிவந்ததன் மதிப்பெண், ஒத்திவைப்பு, தடை, நிறுவனச் செய்தி ஆகியன அவ்வாதத்தின் பொருள்கள். கல்விப்புலம் இதனை வெற்றுப் பொழுதுபோக்காகவே கருதுகிறது. பொதுப்பேச்சிலோ, 2022 ஆம் ஆண்டின் தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஒட்டி எழுந்த விவாதங்களால், இணைய விளையாட்டு என்றாலே ரம்மியும் கடனும்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒரு விளையாட்டை நன்று, தீது என மதிப்பிடுவதற்குரிய சொற்கள் தமிழில் இல்லை என்னும் எண்ணம் இவ்விடைவெளியில் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் பொருந்தாது. பவணந்தியாரின் பாயிர இயல் அதற்குப் போதிய கருவிகளைத் தருகிறது. ஓரிடத்தில் மட்டும் கைவிடுகிறது.

தற்புகழ்ச்சியும் உரைகாரரும்

நூலாசிரியன் எத்துணைப் புலமையுடையனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலின் கொள்கை. ஆகவே சிறப்புப்பாயிரத்தை அவன்தன் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், தகுதிவாய்ந்த உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவரே செய்தற்குரியர். அரசனுக்கு விடுக்கும் ஓலையிலும், தன் ஆற்றல் அறியாத அவையிலும், வாதில் வெல்லுமிடத்தும், பிறர் தன்னைப் பழிக்குமிடத்தும் மட்டும் தற்புகழ்ச்சி விலக்குப் பெறுகிறது.

விளையாட்டு நிறுவனத்தின் முன்னோட்டம் வெளிப்படையான தற்புகழ்ச்சி. அதனை முழுதும் நம்பலாகாது என்பதைச் சுவைஞர் அறிவர். ஆதலின் அவர்கள் நான்காமவராகிய உரைகாரரை நாடுகின்றனர். இடர் தோன்றுவது இங்குதான். 2020 திசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் மதிப்புரையாளர்க்கு முன்கூட்டி வழங்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. தாம் ஆடியபோது பதிவுசெய்த காட்சிகளை மதிப்புரையோடு வெளியிடவும் அவர்கட்கு அப்போது இசைவில்லை. மதிப்பெண்கள் உயர்ந்தன. பழைய பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் வாங்கியோர்க்கோ ஆட இயலாத அளவு பழுதுற்ற பதிப்பே கிட்டியது. ஒரு வாரம் கழிந்ததும் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அதனை நீக்கி, 2021 சூனில்தான் மீண்டும் சேர்த்தது.

உரைகாரர் விலைபோயினர் என்பது சுவைஞருள் ஒரு சாராரின் முடிவு. பதிப்பியல் பயின்றோர்க்கு வேறொரு விளக்கம் புலப்படும். உரைகாரர் கண்ட ஏடு வேறு, படிப்போர் கையில் கிடைத்த ஏடு வேறு. கணினி வைத்திருந்தவரும் பழைய கருவி வைத்திருந்தவரும் ஒரே பெயருடைய இருவேறு பாடங்களைப் பற்றி வாதிட்டனர். இருவர் கூற்றும் அவரவர் பாடத்தளவில் உண்மை. குற்றம் உரையில் இருந்ததைவிட, எந்தப் பாடத்துக்கு உரை எழுதப்படுகிறது என்பதை உரைகாரர் தலைப்பிலேயே உரத்துச் சொல்லாமையில் இருந்தது.

இவ்விளையாட்டின் பாடம் அதன்பின்னும் நிலைத்து நிற்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 மேம்படுத்தல் அதன் அடிப்படை அமைப்புகள் பலவற்றை மாற்றியது. மூலம் மாற, 2020 இன் மதிப்புரை அப்படியே நிற்கிறது. நம் மரபிலோ மூலம் நிற்க, உரை திருந்தியது. சங்கரநமச்சிவாயரின் நன்னூல் விருத்தியைச் சிவஞான முனிவர் திருத்தி அமைத்ததைப் புத்தம்புத்துரை என்றே வழங்குகிறோம். விளையாட்டு மதிப்புரைக்கு இன்று வேண்டுவது இத்தகைய புத்துரை மரபே. அதனை எழுதுவோர் சிலரே.

தானே தாழும் கிழி

மதிப்புரைகளைத் திரட்டி ஒற்றை எண்ணாக்கும் மெட்டாகிரிட்டிக் தளம் வாதத்தின் வடிவையே மாற்றிவிட்டது. 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் குழுவினர்க்கு 85 மதிப்பெண் எட்டினால் ஊக்கத்தொகை என்பது உடன்பாடு. கிடைத்தது 84. கிழி தாழவில்லை. நூறு பக்கத் திறனாய்வும் இரண்டு பத்திக் குறிப்பும் அவ்வெண்ணில் கரைந்துவிடுகின்றன. சுவைஞர் வாதமும் 84 ஆ, 90 ஆ என்பதில் ஒடுங்குகிறது.

விட்டுசித்தர் வாதினைக் கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காப்பியமான 'ஆமுக்தமால்யதா' கையாளும் முறை இங்கு நோக்கத்தக்கது. அதனைத் தமிழில் தந்தவர் இராசபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. குருபரம்பரை மரபில் கிழி தாழ்தலே உச்சம். அரச கவியோ பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் வாதத்துக்கும், அவையில் எடுத்துரைக்கப்படும் காண்டிக்யர், கேசித்துவசர் கதைக்கும் இடம் விரித்தளிக்கிறார். வாதத்தின் வழி தெரிந்தபின்னரே வெற்றிக்குப் பொருள் உண்டு என அவர் கருதினார் போலும். மதிப்பெண்ணை மட்டும் ஏந்திவரும் சுவைஞர் இவ்வழியைத் தவறவிடுகின்றனர்.

குன்றக் கூறலா, சுருங்கச் சொல்லலா?

2023 சூலை 31 அன்று கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', தமிழ்ச் சுவைஞரிடையே எழுந்த வாதத்துக்கு நல்ல சான்று. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் விடுபட்ட பகுதிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். 2024 இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும், தற்சார்பு விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் இதற்குக் கிடைத்தன.

தமிழர் பெருமை என்று கொண்டாடியவர் ஒரு புறம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிவதற்கு இவ்விலையா என வினவியோர் மறுபுறம். முதல் தரப்பு பாடியது மாணாக்கர் பாயிரம். அதன் ஆபத்து தமிழுலகுக்குப் புதிதன்று. 1867 இல் வெளிவந்த இராமலிங்க அடிகளின் பாடல்களுக்குத் திருவருட்பா எனப் பெயரிட்டு வரலாறு பாடியவர் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். ஆறுமுக நாவலர் தரப்பின் கண்டனம் அப்பெயரைப் பற்றியே மூண்டு, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. மாணாக்கர் சூட்டும் சிறப்பு, நூலைப் படிக்கும் முன்னரே படிப்போரை இரு கட்சியாக்கிவிடுகிறது.

இரண்டாம் தரப்பின் வினாவைப் பத்துக் குற்றம், பத்து அழகு என்னும் பகுப்பில் வைத்தால் அது கூர்மை பெறுகிறது. 'வெண்பா'வின் குறுமை குன்றக் கூறலா, சுருங்கச் சொல்லலா? இட்டலிப் பகுதி ஐயமின்றி அழகின்பாற்படும். தட்டுகளை அடுக்கும் முறையைத் தானே கண்டறியும் ஆட்டக்காரர், தாயின் கையறிவு ஏட்டில் அடங்காது என்பதைச் சொல்லாமலே உணர்கிறார். ஆண்டுகளைத் தாவிச் செல்லும் பிற்பகுதி பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. மகனுக்கும் தாய்மொழிக்கும் இடையே பிளவு ஏற்பட்டுவிட்ட செய்தி நமக்கு அறிவிக்கப்படுகிறது. அப்பிளவு வளர்ந்த வழி ஆட்டத்தில் நிகழவில்லை. இதனை யான் குன்றக் கூறல் என்றே கொள்வேன். விலைக்கும் நேரத்துக்கும் இம்முடிவோடு தொடர்பில்லை.

நன்னூல் எட்டாத இடம்

இரு ஊர்களிலும் நூற்பாலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு நிகழ்பட விளையாட்டு என்பது பெரிதும் கைப்பேசியில் இலவசமாக ஆடுவதே. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. அதன் இந்திய வடிவம் 2021 சூலையில் வந்து, 2022 சூலை 28 அன்று கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. திரும்பியபோது பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்னும் வரையறையும் உடன்வந்தது. இடைப்பட்ட பத்து மாதங்களில் சுவைஞர் வாதிட்டது நூலின் தரம் பற்றியன்று. நூல் மீளுமா என்பது பற்றியே. அங்கே செய்தியே மூலம், ஊகமே உரை. ஆசிரியன், நூல், உரைகாரன், கேட்போன் ஆகியோர் உளர் எனக் கொண்டே பாயிரம் பேசுகிறது. அரசாணையால் மறைந்து, வணிக உடன்பாட்டால் மீளும் நூலுக்கு அதில் இலக்கணம் இல்லை.